பெயர் ஒன்று, பதிவு பல

முன்னுரை

கணிப்பொறியைப் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடையை ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

நம் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் பயின்று, பகுதி ஒன்றின்கீழ் நம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர், இன்று சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணியாளர் விவரங்களைப் பேணும் பிரிவில் பணியாற்றுகிறார். பெருநாள் விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது துறைக்கு வந்து நம்மைக் கண்டார். பேச்சின் இடையே, "ஐயா, எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் ஒரு விதமாக இருக்கிறது, மின்னஞ்சலில் வேறு விதமாக இருக்கிறது, அலுவலகத்தின் உள் வலைப்பக்கத்தில் மூன்றாவது விதமாக இருக்கிறது. எது சரி என்று அவரையே கேட்டேன். 'மூன்றுமே என் பெயர் இல்லை' என்கிறார். என்ன செய்வது?" என்று வினவினார்.

கணிப்பொறி பற்றிய வினாவாகத் தோன்றிய இஃது, உற்றுநோக்கின் பெயரைப் பற்றிய வினாவே. ஒருவருடைய பெயர் பல இடங்களில் எழுதப்படும்போது அது சிதையாமல் காப்பது எவ்வாறு? சிதைந்தால் எங்கே திருத்துவது? யார் திருத்துவது? பெயரியலைப் பாடமாகச் சொல்லும் நாம் இவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. நம் மாணவரிற் பலர் நாளை இத்தகைய பதிவேடுகளில் இடம்பெறப் போகின்றவர்கள். சிலர் அவற்றை எழுதப் போகின்றவர்கள். ஆதலின் பணியாளர் பதிவேடும் அக இணையப் பக்கமும் தம்முள் ஒத்திருக்குமாறு செய்யும் முறையினை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

பதிவுகள் பலவாதல்

நமக்குப் பழக்கமான ஒன்றை முதலில் எண்ணுவோம். மாணவர் ஒருவர் கல்லூரியில் சேரும்போது அவர் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுகிறது. அங்கிருந்து வருகைப் பதிவேட்டுக்கும், நூலக அட்டைக்கும், விடுதிப் பதிவேட்டுக்கும், பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும் நாமினல் ரோலுக்கும் செல்கிறது. ஒவ்வோரிடத்திலும் ஒருவர் அதனை மீண்டும் எழுதுகிறார். ஓரிடத்தில் இன்ஷியல் விடுபடும். மற்றோரிடத்தில் ஆங்கில எழுத்து ஒன்று கூடும். மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே பிழை தெரியவரும். அதன்பின் அலைச்சலுக்கு அளவிராது.

நிறுவனங்களிலும் நிலைமை இதுவே. அங்கே பெரும்பாலும் மூன்று பதிவுகள் உண்டு. முதலாவது மனிதவளத் துறையின் பணிப்பதிவேடு. பணியில் சேர்ந்த நாள், பதவி, ஊதியம் முதலியன அதில் இருக்கும். இரண்டாவது, டைரக்டரி எனப்படும் பணியாளர் அடைவு. கணிப்பொறியில் நுழைவதற்கான பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி, பிரிவு, மேலாளர் ஆகியவை அதில் அடங்கும். மூன்றாவது, இன்ட்ராநெட் எனப்படும் அக இணையத்தில் ஒவ்வொருவருக்கும் அமைந்த தன்விவரப் பக்கம். நிறுவனத்திற்குள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டறியவும், யாருக்கு யார் மேலாளர் என அறியவும், விடுப்பு விண்ணப்பம் உரியவரிடம் சென்று சேரவும் இப்பக்கம் பயன்படுகிறது.

இம்மூன்றையும் மூவர் தனித்தனியே எழுதி வந்தால், சில திங்களில் மூன்றும் மூன்று மனிதரைக் காட்டும். அவ்வாறு ஆகாமல், ஓரிடத்தில் நிகழும் மாற்றம் ஏனைய இடங்களுக்குத் தானே சென்று சேருமாறு அமைப்பதே ஒத்திசைவு ஆகும்.

அடைவின் வரலாறு

ஆட்களைப் பெயர்வாரியாகப் பதிந்து, அப்பதிவைக்கொண்டு பொருள் வழங்கும் முறை இன்று நேற்று தோன்றியதன்று. ஏழாம் நூற்றாண்டில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய திவான் அத்தகைய பதிவேடே. உதவித்தொகை பெறுவோரின் பெயர்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டன. பெயர் பதிவில் இருந்தால் தொகை உண்டு. பதிவின் பிழை வயிற்றைத் தொடும் பிழை என்பது அன்றே தெரிந்த செய்தி.

கணிப்பொறி யுகத்தில் 1988ஆம் ஆண்டு எக்ஸ்.500 என்னும் பன்னாட்டுத் தரநிலை வெளிவந்தது. உலகளாவிய அடைவு ஒன்றினை அமைப்பது அதன் நோக்கம். அது பெருஞ்சுமையுடையதாக இருந்தமையின், அதனை எளிதில் அணுகுவதற்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் என்னும் நெறிமுறை உருவாயிற்று. 1993இல் அதன் முதல் வரையறை வெளியிடப்பட்டது. 1997இல் மூன்றாம் பதிப்பு வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 சர்வருடன் ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனத்தின் ஷேர்பாயிண்ட் என்னும் அக இணைய மென்பொருளும் வெளிவந்தது. அடைவு ஒன்று, தன்விவரப் பக்கம் மற்றொன்று என்று இருவேறு இடங்கள் அமைந்தமையின், இரண்டையும் இணைக்கும் தேவையும் உடன் பிறந்தது. இக்கட்டுரையில் இவ்விரு மென்பொருள்களையே சான்றாகக் கொள்கின்றோம்.

ஒத்திசைவு நிகழும் முறை

ஒத்திசைவினைச் செய்யும் மென்பொருளை ஒப்புநோக்கும் எழுத்தராகக் கருதலாம். அவர் இரு ஏடுகளையும் அருகருகே வைத்துக்கொள்கிறார். முதலில், இந்த ஏட்டிலுள்ள ஆளும் அந்த ஏட்டிலுள்ள ஆளும் ஒருவரே எனத் துணிகிறார். அடுத்து, இந்த ஏட்டின் எந்தப் புலம் அந்த ஏட்டின் எந்தப் புலத்திற்கு நேரானது எனப் பார்க்கிறார். பின்னர் இரண்டும் வேறுபடும் இடங்களில் மட்டும் எழுதுகிறார். ஆள் பொருத்தம், புலப் பொருத்தம், மாற்றம் எழுதுதல் என இவற்றை மூன்று படிகளாகக் கொள்ளலாம்.

ஏட்டினை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒப்பிடுவது முழு ஒத்திசைவு. சென்ற முறைக்குப் பின் மாறிய வரிகளை மட்டும் ஒப்பிடுவது மாற்ற ஒத்திசைவு. பல்லாயிரம் பணியாளர் உள்ள இடத்தில் நாள்தோறும் முழுமையும் ஒப்பிடுதல் காலச்செலவு மிக்கது. ஆக்டிவ் டைரக்டரி தன்னுள் நிகழும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஏறுவரிசையில் ஓர் எண்ணை இடுகிறது. அடைவில் நிகழும் மாற்றங்களைப் படித்தறிய ஒத்திசைவுக் கணக்கிற்குத் தனி அனுமதி வழங்கப்பட வேண்டும். இவ்வனுமதியை வழங்க மறந்து, ஒத்திசைவு ஏன் நடைபெறவில்லை எனப் பலநாள் தேடியவர் பலர்.

எத்திசையில் விவரம் செல்லும் என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். 2010ஆம் ஆண்டின் ஷேர்பாயிண்ட் பதிப்பில், ஃபோர்ஃப்ரண்ட் ஐடென்டிட்டி மேனேஜர் என்னும் மென்பொருளின் ஒரு பகுதி உள்ளே பொதியப்பட்டிருந்தது. அதன்வழி அடைவிலிருந்து பக்கத்திற்கும், பக்கத்திலிருந்து அடைவிற்கும் விவரங்களை அனுப்ப இயன்றது. ஆயின் அதனை நிறுவி இயக்குவது கடினமாயிருந்தது. 2013ஆம் ஆண்டின் பதிப்பில், அடைவிலிருந்து பக்கத்திற்கு மட்டும் கொணரும் எளிய வழியும் சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் பதிப்பில் பழைய பொதிவு நீக்கப்பெற்று எளிய ஒருவழி முறையே உள்ளமைப்பாக எஞ்சியது. இருவழி வேண்டுவோர் தனி மென்பொருளை வெளியே நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. அலுவலக அடைவினை மேகக் கணிமை அடைவுடன் இணைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் இயல்பாக 30 நிமிடத்திற்கு ஒருமுறை மாற்றங்களை அனுப்புகிறது. அசூர் ஆக்டிவ் டைரக்டரி என வழங்கிய அந்த மேக அடைவு, 2023இல் என்ட்ரா ஐடி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஷேர்பாயிண்டில் தன்விவரப் பக்கம் ஒன்று இருப்பதோடு, அக இணையத்தின் ஒவ்வொரு தளத் தொகுப்பிலும் பயனர் பட்டியல் ஒன்று தனியே இருக்கிறது. ஆதலின், அடைவில் திருத்திய பெயர் பக்கத்தில் சரியாகத் தெரிந்தும், பழைய ஆவணத்தின் கீழ் ஆசிரியர் பெயராகப் பிழையுடன் நிற்கக்கூடும். அடைவிலிருந்து பக்கத்திற்கு ஒரு தாவல். பக்கத்திலிருந்து பட்டியலுக்கு மற்றொரு தாவல். எந்தத் தாவலில் விவரம் நின்றது என அறியாமல், பிழை தெரிந்த இடத்திலேயே கையால் திருத்துவோர் உளர். அடுத்த ஒத்திசைவில் பழைய பிழை மீண்டும் வந்து அமரும். ஊற்றில் திருத்தாதது ஓடையில் நிலைக்காது.

இடுகுறியும் காரணமும்

மூன்று படிகளுள் முதலாவதாகிய ஆள் பொருத்தமே அனைத்திற்கும் அடிப்படை. இரு ஏடுகளிலும் உள்ளவர் ஒருவரே என எதனைக்கொண்டு துணிவது?

பெயரைக்கொண்டு துணிய இயலாது. நம் கல்லூரியிலேயே ஒரே வகுப்பில் ஒரே பெயருடையோர் மூவர் இருந்த ஆண்டுகள் உண்டு. மின்னஞ்சல் முகவரியும் உதவாது; பெயர் திருத்தப்பட்டால் அதுவும் மாறும். தொலைபேசி எண் நிலையற்றது. எனவே எந்நிலையிலும் மாறாத அடையாளம் ஒன்று தேவைப்படுகிறது. ஆக்டிவ் டைரக்டரி ஒவ்வொரு கணக்கிற்கும் 128 பிட் அளவுள்ள தனி அடையாளம் ஒன்றை இடுகிறது. ஆளின் பெயர் மாறினும், பிரிவு மாறினும் அது மாறுவதில்லை. ஆயின் கணக்கினை நீக்கிவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால் புதிய அடையாளமே கிடைக்கும். பணியை விட்டு நீங்கி மீண்டும் சேர்ந்தவரைப் பொறி வேறொருவராகக் காண்பது இதனாலேயாம். ஆதலின், மனிதவளத் துறை வழங்கும் பணியாளர் எண்ணை இரு ஏடுகளிலும் எழுதி, அதனைக்கொண்டு பொருத்துவதே தக்க முறையாகும்.

அந்த எண் எவ்வாறு அமைய வேண்டும்? இவ்விடத்தில் நன்னூல் துணைநிற்கிறது. பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் எனப் பகுத்து நாம் பயிற்றுவிக்கின்றோம். சில நிறுவனங்களில் பணியாளர் எண்ணின் முதல் ஈரெழுத்து ஊரினையும், அடுத்த ஈரெழுத்து பிரிவினையும் குறிக்குமாறு அமைக்கின்றனர். பார்த்தவுடன் விளங்குமாதலின் இது நல்ல முறையெனத் தோன்றும். ஆயின் இது காரணப் பெயர். சென்னையில் சேர்ந்தவர் கோவைக்கு மாற்றப்பட்டால் காரணம் பொய்த்துவிடும். எண்ணை மாற்றினால் பழைய பதிவுகளுடன் தொடர்பு அறும். மாற்றாவிட்டால் எண்ணே பொய்யுரைக்கும். எனவே அடையாள எண் தூய இடுகுறியாக, எப்பொருளும் தன்னுள் ஏற்றாததாக இருத்தல் வேண்டும். பல பத்தாண்டுப் பட்டறிவிற்குப் பின் கணிப்பொறி வல்லுநர் கண்ட இம்முடிவு, இலக்கண மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

ஒரே பெயருடையோரைப் பிரித்தறியும் கலையில் நம் முன்னோர் பெருந்திறன் காட்டியுள்ளனர். நபிமொழிகளை அறிவித்தோரின் வரலாற்றை ஆராயும் அறிவிப்பாளர் இயலில், இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் அத்தாரீகுல் கபீர் அறிவிப்பாளர்களின் பேரகராதியாகத் திகழ்கிறது. எழுத்தில் ஒத்தும் ஒலிப்பில் வேறுபட்டும் வரும் பெயர்களுக்கென ஹிஜ்ரி 385இல் மறைந்த இமாம் தாரகுத்னீ அவர்கள் தனிநூல் யாத்தார்கள். பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் உள்ளோரைப் பிரித்தறிய, ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதீ அவர்கள் மற்றொரு நூல் யாத்தார்கள். தந்தை பெயர், பாட்டனார் பெயர், ஊர், தொழில், ஆசிரியர், மாணவர் எனப் பல விவரங்களால் ஒருவரை அறுதியிட்டனர். சமயப் பணியையும் அலுவலகப் பணியையும் நாம் நிகராக்கவில்லை. ஒருவர் கூற்றினை மற்றொருவர்மேல் ஏற்றிவிடலாகாது என்னும் அவர்தம் அச்சமே இங்கும் வேண்டும் என்கின்றோம்.

பெயர்ப் புலமும் நம் பெயர்களும்

இனி, மாணவர் கொணர்ந்த வினாவிற்கு நேரே வருவோம். பெயர் ஏன் மூன்று விதமாயிற்று?

எல்டாப் தரநிலையில் மனிதரைக் குறிக்கும் அடிப்படை வகைக்கு இரு புலங்கள் கட்டாயம். ஒன்று முழுப்பெயர், மற்றொன்று குடும்பப் பெயர். மேனாட்டு வழக்கை ஒட்டிப் பிறந்த விதி இது. தமிழருக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுத் தன் பெயரை எழுதுவதே நம் வழக்கு. ஆக்டிவ் டைரக்டரி குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கவில்லை. எனினும் அதனோடு இணையும் பல மென்பொருள்களின் படிவங்கள் அப்புலத்தை வெறுமையாக விட இசைவதில்லை. எனவே ஓரிடத்தில் இன்ஷியலை அதில் இடுகின்றனர். மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயரை இடுகின்றனர். வேறோரிடத்தில் பெயரையே இரண்டாகப் பிளக்கின்றனர்.

பிளப்பதால் நேரும் தீங்கினை ஒரு காட்டால் விளக்குவோம். அப்துர் ரஹ்மான் என்னும் பெயருடையவர் ஒருவர் எனக் கொள்வோம். 'அளவற்ற அருளாளனின் அடியார்' என்பது பொருள். இரு சொல்லாக எழுதினும் இது பிரிக்கலாகாத ஒரே பெயர். படிவம் இதனை முதற்பெயர், குடும்பப் பெயர் எனப் பிளந்தால், கடிதங்கள் அவரை 'ரஹ்மான்' என விளிக்கும். இறைவனுக்கே உரிய திருப்பெயரால் அடியார் ஒருவர் அழைக்கப்படுகிறார். மறுபகுதியாகிய 'அப்துர்' தனித்து நின்றால் பொருள் முற்றுப்பெறாது. 'மூன்றுமே என் பெயர் இல்லை' என்று அப்பணியாளர் கூறியதன் வேதனை இப்போது விளங்கும்.

பெண்களுக்கு வேறொரு சிக்கல். திருமணத்திற்குப் பின் தந்தையின் இன்ஷியலைக் கணவரின் இன்ஷியலாக மாற்றுவோரும் உளர், மாற்றாதோரும் உளர். ஒரு பதிவில் மாறி மற்றொன்றில் மாறாவிடில், பட்டத்திலுள்ள பெண்ணும் பணியிலுள்ள பெண்ணும் வேறுவேறாகத் தோன்றுவர்.

இவை சிறு பிழைகள் அல்ல. வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலுள்ள பெயரும் பிறந்த நாளும் ஆதாரில் உள்ளவற்றோடு பொருந்தாவிடில், உழைத்துச் சேர்த்த தொகையைப் பெறுவது தடைப்படுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் வருகை விசாவில் நுழைய இயலாது என அறிவித்தபோது, நம் ஊர்களில் எழுந்த கலக்கத்தை மறக்க இயலாது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கம் வந்தது. படிவத்தின் ஒரு கட்டம் பயணத்தையே நிறுத்த வல்லது.

எழுத்தும் ஒரு தடையாகும். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எல்டாப்பின் மூன்றாம் பதிப்பு யூனிகோடு எழுத்துகளை ஏற்கிறது. ஒரே புலத்தில் பெயரை மொழிவாரியாக எழுதிவைக்கும் வழியும் 1999 முதல் தரநிலையில் உண்டு. ஆயின் எல்லா மென்பொருளும் அதனை ஏற்பதில்லை. ஜப்பானியப் பெயர்களின் ஒலிப்பினைக் குறிக்க ஆக்டிவ் டைரக்டரியில் தனிப் புலங்களே அமைந்துள்ளன. அடைவு தமிழை ஏற்றும், இடையில் விவரத்தைச் சுமந்து செல்லும் கோப்பு பழைய எழுத்துமுறையில் இருந்தால், தமிழ்ப்பெயர் வினாக்குறிகளாக மாறி மறுமுனையை அடையும்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு யாது? ஆளை அறிய இடுகுறி எண் இருக்கும்போது, பெயரை அடையாளமாகக் கொண்டு முறிக்க வேண்டியதில்லை. படிவத்தின் தேவைக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என்னும் புலங்கள் எவ்வாறேனும் இருக்கட்டும். காட்சிப் பெயர் எனத் தனிப் புலம் ஒன்று எல்லா அடைவுகளிலும் உண்டு. உரியவர் தம்மை எவ்வாறு எழுதுகிறாரோ, அவ்வாறே அதில் எழுத வேண்டும். பக்கத்திலும் கடிதத்திலும் அப்புலத்தையே காட்ட வேண்டும். முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டிக் காட்சிப் பெயரைத் தானே உண்டாக்கும் விதியை நீக்கிவிட வேண்டும்.

எப்புலம் எவருடையது

இருவழி ஒத்திசைவில் பெருந்தொல்லை ஒன்று உண்டு. ஒரே புலத்தை இருவர் திருத்தினால் எவர் சொல் நிற்கும்? பணியாளர் தம் பக்கத்தில் பதவியைத் திருத்துகிறார். மனிதவளத் துறை தன் ஏட்டில் வேறாக எழுதுகிறது. பின்னர் எழுதியதே நிற்கும் என விட்டால், உண்மை நாளுக்கொரு விதமாகும்.

ஆகவே ஒவ்வொரு புலத்திற்கும் ஒரே உரிமையாளர் என வரையறுத்தல் இன்றியமையாதது. பணியாளர் எண், சட்டப்படியான பெயர், பதவி, மேலாளர், சேர்ந்த நாள் ஆகியவை மனிதவளத் துறைக்கு உரியவை. பயனர் பெயரும் மின்னஞ்சலும் கணிப்பொறிப் பிரிவுக்கு உரியவை. அறை எண்ணும் அலுவலகத் தொலைபேசியும் கட்டட நிருவாகத்திற்கு உரியவை. காட்சிப் பெயர், நிழற்படம், சொந்தக் கைப்பேசி எண் ஆகியவற்றைப் பணியாளரிடமே விட வேண்டும். குறிப்பாக, பெண் பணியாளரின் படமோ சொந்த எண்ணோ அவர் இசைவின்றிப் பக்கத்தில் ஏறுதல் தகாது. நகலெடுக்க இயலும் என்பதால் எல்லாவற்றையும் நகலெடுத்தல் முறையன்று.

வெறுமை பற்றிய விதியும் வேண்டும். ஊற்றிலுள்ள ஏட்டில் ஒரு கட்டம் வெறுமையாக இருப்பின், 'எழுதப்படவில்லை' என்பது பொருளா? 'நீக்குக' என்பது பொருளா? இதனை முடிவு செய்யாமல் தொடங்கினால், புதிய ஏட்டின் வெற்றுக் கட்டங்கள் பழைய பக்கத்தின் நல்ல விவரங்களை ஒரே இரவில் துடைத்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தம்மைப் பற்றிய பிழையான விவரத்தைத் திருத்துமாறு கோரும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பாதிக்கும் முடிவினை எடுக்கப் பயன்படும் விவரம் முழுமையும் துல்லியமும் முரணின்மையும் உடையதாதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன.

பிரிந்தவர் பதிவு

சேர்ந்தவரைப் பதியும் ஆர்வம், பிரிந்தவரை நீக்குவதில் இருப்பதில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்த்தடம், கணிப்பொறித் தாக்குதலால் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. பயன்பாட்டில் இல்லாதிருந்தும் மூடப்படாத பழைய தொலைநுழைவுக் கணக்கொன்றின் கடவுச்சொல்லே தாக்கியோர் நுழைந்த வாயில். அந்நிறுவனம் சுமார் 44 இலட்சம் டாலர் பணயத்தொகை செலுத்திற்று. வீடு மாறியவரிடம் பழைய சாவி இருப்பதைப் பொருட்படுத்தாததன் விளைவு இது.

மற்றொரு பக்கமும் உண்டு. மனிதவளத் துறையின் கோப்பு ஒருநாள் பாதியோடு நின்றுவிட்டால், வாராத பெயர்களை எல்லாம் 'பிரிந்தோர்' எனக் கருதிப் பொறி நீக்கிவிடக்கூடும். இதனைத் தடுக்கவே மேற்கூறிய மேக இணைப்பு மென்பொருள், ஒரே தடவையில் 500க்கு மேற்பட்ட நீக்கங்கள் வரின் அவற்றை அனுப்பாமல் நிறுத்திக்கொள்கிறது. நீக்கப்பட்ட பயனரை 30 நாட்களுக்குள் மீட்கவும் அங்கு வழியுண்டு. ஆதலின் பிரிந்தவர் கணக்கினை முதலில் முடக்குதல், குறித்த காலம் கழித்தே நீக்குதல் என்னும் இருநிலை முறையே நன்று.

மறைந்தவர் பதிவு இன்னும் நுண்ணியது. தந்தையை இழந்த இல்லத்திற்கு, அவர் பெயரில் அலுவலகத்திலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வருமாயின் அவ்வில்லத்தார் மனம் என்ன பாடுபடும்? விலகியவர், ஓய்வு பெற்றவர், மறைந்தவர் என நிலையைப் பிரித்தெழுதும் ஒரு கட்டம் இத்துயரைத் தடுக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன: ஆளை இடுகுறி எண்ணால் அறிக, பெயரை உரியவர் எழுதும் வடிவிலேயே காட்டுக, ஒவ்வொரு புலத்திற்கும் ஓர் உரிமையாளரை வரையறுக்க, பிழையை ஊற்றில் திருத்துக, பிரிந்தவரை முறையோடு நீக்குக. பெரிய நிறுவனத்திற்கு மட்டுமன்றி, நம் கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடு, நூலகம், விடுதி ஆகியவற்றுக்கும் இவை பொருந்தும். சேர்க்கையின்போது மாணவர் பெயரை அவரையே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் செய்து, அதனையே எங்கும் நகலெடுப்போமாயின், மூன்றாண்டு கழித்து நேரும் அலைச்சல் பெரிதும் குறையும்.

அந்த மாணவர்க்கு நாம் கூறிய விடை இதுவே: "மூன்று பதிவுகளில் எது சரி என்று தேடாதீர்கள், தம்பி. அவரிடமே ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அதை மனிதவளத் துறையின் ஏட்டில் ஏற்றுங்கள். பிறகு மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதட்டும்." ஊர் திரும்பிய பின் அவர் கடிதம் எழுதியிருந்தார். அத்தாளைப் பெற்றுக்கொண்ட பணியாளர், தம் பெயரை எழுதித் தருமாறு அந்நிறுவனத்தில் எவரும் தம்மைக் கேட்டது அதுவே முதல்முறை என்றாராம். மூன்றாம் நாள் காலை அக இணையப் பக்கத்தில் அவர் பெயர் பிளவுபடாமல் நின்றதாம்.

ஒரு பெயரைச் சரியாக எழுதுவது, அப்பெயர் உடையவர்க்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை. எழுதுகோல் ஏந்தினாலும், விசைப்பலகை தட்டினாலும் அக்கடமை மாறுவதில்லை. நம் மாணவர் அதனை உணர்ந்து பணியாற்ற வல்ல இறைவன் அருள்புரிவானாக.